ஏலகிரி ஏற்றத்தில் நிலையாமை

பழைய வட ஆற்காட்டின் ஏலகிரிக்குச் சைக்கிளில் ஏறுபவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. மலைச்சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள், வள்ளல்களின் பெயர்களை அவற்றுக்குச் சூட்டியிருக்கிறார்கள். அந்தப் பெயர்ப்பலகைகளையே, தியானத்தில் கவனத்தைத் திருப்பும் மணியோசையாக வைத்துக்கொள்ளுங்கள். பலகை கண்ணில் பட்டதும் ஒரு கணம் கவனியுங்கள்: தொடையில் எரிச்சல் எங்கே இருக்கிறது? முந்தைய வளைவில் இருந்த அதே இடத்திலா? பெரும்பாலும் இருக்காது. முழங்காலுக்கு இறங்கியிருக்கும், அல்லது தோளுக்கு ஏறியிருக்கும். 'எரிகிறது, மாறுகிறது' என்று மனத்துக்குள் சொல்லிவிட்டு மிதியுங்கள்.

பௌத்தம் 'அநிச்சா' என்று சொல்வது இந்த நிலையாமையைத்தான். பௌத்த நூல்களின் பாலி மொழியில் 'வேதனா' என்பது வலி மட்டுமன்று. இன்பம், துன்பம், இரண்டும் அற்ற உணர்வு ஆகிய மூன்றும் அதில் அடக்கம். நம்முடைய 'வேதனை' ஏனோ துன்பத்தோடு நின்றுவிட்டது! ஆகவே வளைவில் முகத்தில் அடிக்கும் குளிர்காற்றையும் இதே கணக்கில் சேருங்கள். அது போகக்கூடாது என்று ஏங்கினால் அடுத்த வெயில் இரண்டு மடங்காகச் சுடும், எனக்குச் சுட்டிருக்கிறது.

நெஞ்சு அடைத்தாலோ தலை சுற்றினாலோ இந்தப் பயிற்சியெல்லாம் வேண்டாம், உடனே இறங்கி உட்காருங்கள்.

இறக்கத்தில் கவனம் முழுவதும் சாலையில் இருக்கட்டும். பிரேக்கை ஒரேயடியாக அழுத்தியபடி வராமல், வளைவுக்கு முன்பே விட்டுவிட்டுப் பிடியுங்கள். கீழே வந்ததும் சக்கர விளிம்பில் விரல் வைக்காதீர்கள், நன்றாகச் சுடும்.