‘ஃபோர்ஃபிட்’ என்று கண்டால் நின்று படியுங்கள்

இங்கிலாந்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஈவிசா, நேஷனல் இன்சூரன்ஸ் எண், ஜிபி (குடும்ப மருத்துவர்) பதிவு எல்லாவற்றுக்கும் அரசுத் தளத்தில் வழி போட்டிருக்கிறது. அதைத் திரும்ப எழுதிப் பயனில்லை. காசும் நேரமும் கைநழுவும்போது இந்த ஊர்க்காரர்கள் பயன்படுத்தும் சொற்களைத்தான் அங்கே யாரும் சொல்லித் தருவதில்லை.

நமக்கு ‘வேஸ்ட்’ ஒன்றே போதும். ஆள் வேஸ்ட், படம் வேஸ்ட், பேசி வேஸ்ட். இங்கே அலுவலகத்தில் “டோன்ட் வேஸ்ட் மை டைம்” என்றால் சண்டைக்கு இழுக்கிறீர்கள் என்று அர்த்தம். “யூ ஆர் வேஸ்டட் ஹியர்” என்று யாராவது உங்களைச் சொன்னால் முகம் சுருங்க வேண்டாம். உங்கள் திறமைக்கு இந்த வேலை போதாது என்கிற பாராட்டு அது. அதே ‘வேஸ்டட்’ வெள்ளிக்கிழமை இரவு பப்பில் கேட்டால் நிறைபோதை. “வேஸ்டட் ஆன் ஹிம்” என்பது நம் விழலுக்கு இறைத்த நீர். காபி, டாக்ஸி என்று சில்லறையாகக் கரைவது ‘ஃப்ரிட்டர்’. பெரிய தொகையையோ நல்ல வாய்ப்பையோ பொறுப்பில்லாமல் தொலைப்பது ‘ஸ்குவாண்டர்’. கோட்டை விட்டதற்கு “ஐ ப்ளூ இட்”. ‘ஸ்ப்ளாஷ் அவுட்’ இந்தக் கூட்டத்தில் சேராது. அது ஆசைக்குத் தாராளமாகச் செலவழிப்பது.

இவையெல்லாம் வாய்ச்சொற்கள், காசு கேட்காது. பணத்தைக் கொண்டுபோகும் சொற்கள் கடிதத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும்.

‘லாப்ஸ்’ நமக்குத் தெரிந்ததுதான், எல்.ஐ.சி. பாலிசி லாப்ஸ் ஆனால் பாக்கியும் வட்டியும் கட்டி உயிர்ப்பிப்போம். இங்கே கார் இன்சூரன்ஸ் லாப்ஸ் ஆன மறுநாள் ஓட்டிப் பிடிபட்டால் 300 பவுண்டு அபராதம், உரிமத்தில் 6 புள்ளி. முதல்முறை இங்கே டெஸ்ட் தேறி 2 ஆண்டுக்குள் 6 புள்ளி சேர்ந்தால் உரிமமே ரத்து. விடுப்புக் கடிதத்தில் ‘யூஸ் இட் ஆர் லூஸ் இட்’ (எடுக்காவிட்டால் போய்விடும்) என்றிருந்தால் சரண் விடுப்பு நினைப்பை விட்டுவிடுங்கள். வேலையில் இருக்கும்வரை சட்டப்படியான விடுப்பைக் காசாக்க முடியாது. ரயிலில் ‘அட்வான்ஸ்’ டிக்கெட் என்பது அந்த ஒரு வண்டிக்கு மட்டும். தாமதமாக வந்து அடுத்த வண்டியில் ஏறினால் அது செல்லாது.

இனி ‘ஃபோர்ஃபிட்’, உங்கள் செயலால் உங்கள் பணமோ உரிமையோ பறிபோவது. நாம் “பணத்தைப் பிடித்துக்கொண்டார்கள்” என்போம். குற்றம் அவர்கள் பக்கம். ஆங்கிலத்தில் “யூ ஃபோர்ஃபிட்” என்றால் இழக்கும் செயலைச் செய்ததே நீங்கள். இந்தச் சொல்லில் புதியவர்கள் சிக்குவது வாடகை வீடு தேடும்போது, ஹோல்டிங் டெபாசிட்டில். ஒப்பந்தம் போடும்வரை வீட்டை நமக்காக ஒதுக்கிவைக்கக் கொடுக்கும் முன்பணம் அது.

ஊரில் இரண்டு மூன்று வீட்டுக்கு டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவைத்து, பிறகு பேசித் திரும்ப வாங்குகிற பழக்கம் இருக்கிறது. இங்கே செய்யாதீர்கள். நீங்களாக விலகினால் டெபாசிட் போய்விடும். எவ்வளவு போகும் என்பதற்கு வரம்பு உண்டு: 2019 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி ஒரு வார வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. மாத வாடகையை 12ஆல் பெருக்கி 52ஆல் வகுங்கள். 1,300 பவுண்டு வாடகைக்கு 300 வரும். நான்கால் வகுத்து 325 கேட்பவர்கள் இருக்கிறார்கள், கொடுக்காதீர்கள்.

விலகுவதைத் தவிர இன்னும் மூன்று வழியில் பணம் போகும். ஒன்று, தவறான தகவல். விண்ணப்பத்தின் சம்பளக் கட்டத்தில் சிடிசியை (நிறுவனம் நமக்காகச் செய்யும் மொத்தச் செலவு) எழுதுவதுதான் நம்மவர்களின் வழக்கமான தவறு. போனஸ், பென்ஷன் பங்கு எல்லாம் சேர்த்து எழுதிவிட, நிறுவனம் கொடுக்கும் கடிதத்தில் அடிப்படைச் சம்பளம் குறைவாக வரும். ஏமாற்றும் எண்ணம் இல்லை என்றாலும் அது தப்பான தகவல்தான். இன்னொன்று, ‘ரைட் டு ரென்ட்’ சோதனையில், அதாவது இங்கே வாடகைக்கு இருக்க உரிமை உண்டா என்று பார்ப்பதில், தேறாமல் போவது. அதற்காக அரசுத் தளத்தில் எடுத்துக் கொடுக்கும் ஷேர் கோடு R என்ற எழுத்தில் தொடங்கும், W வேலைக்கானது. எடுத்த கோடு 90 நாள் செல்லும். பின்னால் வரப்போகிற கணவர் அல்லது மனைவி உட்பட, அந்த வீட்டில் குடியிருக்கப்போகும் 18 வயது நிரம்பிய எல்லோரும் இந்தச் சோதனையில் அடக்கம், முதலிலேயே சொல்லிவிடுங்கள். மூன்றாவது, கேட்ட ஆவணத்தை அனுப்பாமல் இழுத்தடிப்பது. வேறு தேதி எழுத்தில் ஒத்துக்கொள்ளாதவரை, பணம் போய்ச்சேர்ந்த நாளையும் சேர்த்து 15 நாள்தான் கெடு. நடுவில் ஊருக்குக் கல்யாணத்துக்குப் போனால் பே ஸ்லிப்பைப் பிடிஎஃப்பாகக் கையில் வைத்திருங்கள்.

ரசீதில் ‘நான் ரிஃபண்டபிள்’ (திரும்பத் தரப்படாது) என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். வீட்டுக்காரர் மனம் மாறினால் 7 நாளுக்குள் முழுத்தொகையும் திரும்ப வர வேண்டும். பிடித்துவைப்பதானாலும் காரணத்தை 7 நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும்; தராவிட்டால் பிடித்துவைக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. அதனால் ஏஜென்ட் ஃபோனில் என்ன சொன்னாலும் “இதை மின்னஞ்சலில் அனுப்புங்கள்” என்று கேளுங்கள். திரும்ப வர வேண்டிய பணம் வரவில்லை என்றால், அதை அனுப்பிய தேதியுள்ள வங்கி அறிக்கையோடு உள்ளூர் கவுன்சிலின் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் (வணிக விதிமீறல்களைக் கவனிக்கும்) பிரிவுக்கு எழுதுங்கள்.