சிமென்ட் வில்லையில் மின்சாரம் சேமிக்கும் முறை

பாரத்தையும் தாங்கி, மின்சாரத்தையும் சேமிக்கும் பொருளைக் கையால் செய்து பார்க்க ஆசையா? சிமென்ட்தான் சுலபமான வழி. சிமென்ட், தண்ணீர், கார்பன் பிளாக் (மிக நுண்ணிய கரித்தூள்) மூன்றையும் கொண்டு சூப்பர் கெபாசிட்டர், அதாவது மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் கருவி, செய்யலாம் என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2023-இல் காட்டினார்கள். எங்கள் கான்கிரீட் லேபில் மாணவர்களுக்கு அதை நான் சொல்லித்தரும் விதம் இது.

100 கிராம் ஓ.பி.சி. (சாதாரண போர்ட்லேண்ட்) சிமென்ட்டுக்கு 10 கிராம் கார்பன் பிளாக் எடுங்கள். மின்சாரம் கடத்தும் ரகம் என்று கேட்டு வாங்க வேண்டும். அடுப்புக்கரியைப் பொடித்துப் போட்டால் வேலைக்காகாது. தூள் காற்றில் பறக்கும், மாஸ்க் கட்டாயம். உலர்வாகக் கலந்துவிட்டு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கார்பன் தண்ணீரோடு ஒட்டாமல் அடம்பிடிக்கும். கட்டி இல்லாமல் ஒரே கறுப்பாக வரும்வரை கிளறுவதில்தான் பாதி வெற்றி. சிமென்ட் இறுகும்போது தண்ணீரை எடுத்துக்கொள்கிறது. அந்தத் தண்ணீர் இருந்த நுண்துளைகளில் கார்பன் கிளை கிளையாகப் படர்கிறது. மின்னூட்டம் தங்குவது அந்தக் கார்பன் பரப்பில்.

பி.வி.சி. பைப்பை வளையங்களாக அறுத்து, அதில் 3 மி.மீ. கனத்துக்கு வார்த்து, மறுநாள் கழற்றி ஒரு வாரம் தண்ணீரில் போடுங்கள். அப்புறம் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் (லிட்டருக்கு 75 கிராம்) நன்றாக ஊறவிடுங்கள். இரண்டு வில்லைகளுக்கு நடுவே அதே கரைசலில் நனைத்த ஃபில்டர் பேப்பர், வெளிப்பக்கம் இரண்டிலும் கிராஃபைட் தாள், மேலே கிளிப். சரி, செல் தயார்.

ஒரு செல்லுக்கு 1 வோல்ட்டைத் தாண்டாதீர்கள், 1.23-க்கு மேல் போனால் தண்ணீர் பிரியத் தொடங்கும். 100 ஓம் ரெசிஸ்டர் வழியாகச் சார்ஜ் செய்து, மல்டிமீட்டரில் பாருங்கள். வோல்டேஜ் சட்டென்று விழுந்தால் வில்லைகள் எங்கோ ஒட்டுகின்றன, பேப்பரை மாற்றுங்கள். மூன்று செல்லைத் தொடராக இணைத்தால் சிவப்பு எல்.இ.டி. எரியும்.

அதே கலவையில் கியூப் வார்த்து, எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று அழுத்திப் பார்க்காமல் விடாதீர்கள். கார்பனைக் கூட்டினால் சேமிப்பு கூடும், பலம் குறையும். இரண்டு அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால்தான் இது கட்டுமானப் பொருளா என்று தெரியும். 10 யூனிட் சேமிக்க 45 கன மீட்டர் வேண்டும் என்பது எம்.ஐ.டி.யின் முதல் கணக்கு.

இந்தக் கலவைக்குள் இரும்புக் கம்பி மட்டும் வைக்க வேண்டாம். குளோரைடு கம்பியை அரித்துவிடும்.