சர்க்கரை நோயாளிக்குப் போன் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"சுகர் எவ்வளவு இருந்தது?"
"நூற்றி எண்பது."
"சரி, மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள்."

ஒரே நிமிடத்தில் பேச்சு முடிந்து, பதிவேட்டில் ஒரு கட்டம் நிரம்பிவிடும். ஆனால் அந்த 180-ஐ வைத்துக்கொண்டு என்ன முடிவு செய்ய முடியும்? சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தது என்றால் பலருக்கு அது இலக்கின் விளிம்பு, பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. வெறும் வயிற்றில் என்றால் கதை வேறு. பெரும்பாலான பெரியவர்களுக்கு அப்போதைய இலக்கு 80 முதல் 130 வரைதான். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து போன் செய்யும் செவிலியரோ ஆலோசகரோ செய்யும் முதல் தவறு, எண்ணை மட்டும் கேட்டு அதைச் சுற்றி நடந்ததைக் கேட்காமல் விடுவது. எப்போது பார்த்தார், கடைசியாக எப்போது சாப்பிட்டார், ஊசியோ மாத்திரையோ போட்ட பிறகா, முன்பா என்று கேளுங்கள். கை கழுவிவிட்டுப் பார்த்தாரா என்பதும் முக்கியம். பழம் உரித்த விரலில் ஒட்டியிருக்கும் இனிப்பே போதும், மீட்டர் எகிறிவிடும். அந்த எண்ணை நம்பி மருந்தின் அளவைக் கூட்டினால் ஆபத்து நோயாளிக்கு.

"மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" என்ற கேள்விக்குக் கிட்டத்தட்ட எல்லோரும் "சாப்பிடுகிறேன்" என்றுதான் சொல்வார்கள். "போன வாரம் எத்தனை வேளை விட்டுப்போச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். விட்டுப்போவது சகஜம்தான் என்பது அந்தக் கேள்வியிலேயே இருப்பதால் உண்மையைச் சொல்லத் தயங்க மாட்டார். சொன்ன பிறகு திட்டக் கூடாது. இந்த வாரம் திட்டு வாங்கியவர் அடுத்த வாரம் மீட்டரைத் தொடாமலே "நூற்றி முப்பது" என்பார்.

போனில் எண்கள் காதை ஏமாற்றும். நூற்றி ஆறும் நூற்றி அறுபதும் இரைச்சலில் ஒன்றுபோலவே கேட்கும். இன்சுலின் யூனிட்டை ஆங்கிலத்தில் சொல்லும் பழக்கம் பலருக்கு உண்டு, அங்கே ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் இதே ஆபத்து. "ஒன்று, ஐந்து, பதினைந்து யூனிட்" என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள். இரண்டு இன்சுலின் பேனா (பேனா வடிவ ஊசிக் கருவி) வைத்திருப்பவர் என்றால், பேசும்போதே பேனாவைக் கையில் எடுத்து அதிலுள்ள பெயரைப் படிக்கச் சொல்லுங்கள். சாப்பாட்டுக்கு முன் போடும் வேகமான இன்சுலினை, நாள் முழுக்க வேலை செய்யும் இன்சுலின் என்று நினைத்து ராத்திரி போட்டுக்கொண்டால் தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கிவிடும். அப்புறம், "புரிந்ததா?" என்று கேட்டு முடிக்காதீர்கள். "இன்று ராத்திரி என்ன செய்யப் போகிறீர்கள், ஒருமுறை எனக்குச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். நாம் சொன்னதில் எது போய்ச் சேரவில்லை என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.

எனக்கு மிகவும் பயம் தரும் தவறு ஒன்று உண்டு. "கை நடுங்குது, வேர்க்குது" என்று ஒருவர் சொல்ல, "ஏதாவது சாப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிடுவது. சர்க்கரை இறங்கியதன் அறிகுறியாக அது இருக்கலாம். மீட்டரில் 70-க்குக் கீழே இறங்கியிருந்தால் வேண்டியது வேகமாக ஏறும் சர்க்கரை, சுமார் 15 கிராம். குளுக்கோஸ் மாத்திரையோ சர்க்கரை கரைத்த தண்ணீரோ போதும். சாக்லேட்டில் உள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், ஏறவில்லை என்றால் இன்னொரு முறை அதே அளவு. அந்த 15 நிமிடமும் லைனிலேயே இருங்கள், முடியாவிட்டால் வீட்டில் வேறு யாரிடமாவது போனைக் கொடுக்கச் சொல்லுங்கள். அகார்போஸ் மாத்திரை சாப்பிடுபவருக்கு வீட்டுச் சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது, குளுக்கோஸ்தான் கொடுக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லுங்கள். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளால் இறங்கிய சர்க்கரை, ஏறிய பிறகும் சில மணி நேரத்தில் மறுபடி இறங்கலாம். அதனால் அன்றே இன்னொரு போன் அவசியம்.

காய்ச்சல், வாந்தி என்று சொல்பவரிடம் "சாப்பிடவில்லையா, அப்போ இன்சுலின் வேண்டாம்" என்று சொல்வது பெரிய தவறு. டைப் 1 நோயாளி, அதாவது உடலில் இன்சுலின் சுரப்பு அநேகமாக நின்றுபோனவர், இன்சுலினை முழுதாக நிறுத்தினால் உடலில் கீட்டோன் என்ற அமிலப் பொருள் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகிய சர்க்கரை மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கு சர்க்கரை அவ்வளவாக ஏறாமலேயே இந்தக் கீட்டோன் ஆபத்து வரலாம், ஆகவே மீட்டரில் எண் நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். அந்த மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்துவது பற்றி உடனே மருத்துவரிடம் கேளுங்கள். வாந்தி நிற்கவில்லை, வயிறு வலிக்கிறது, மூச்சு வாங்குகிறது, மயக்கமாக இருக்கிறது என்றால் போனில் யோசனை சொல்லிக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

பாதத்தில் புண் என்றாலும் அப்படித்தான். "சின்னதுதான், வலிக்கவே இல்லை" என்பார். நரம்பு மரத்துப்போன காலில் வலிக்காது. அந்த வார்த்தையைக் கேட்டதுமே, எப்போது வர முடியும் என்று கேளுங்கள், நாளைக்கு என்றால் இன்றைக்கே வரச் சொல்லுங்கள்.