தாத்தாவோட கருக்கருவா துரு எடுத்தது – என் அனுபவம்

மன்னார்குடி பக்கம் எங்க வீடு. துருவேறிக் கெடந்த தாத்தாவோட கருக்கருவாவை 12 வோல்ட் சார்ஜர் வச்சு சுத்தம் பண்ணலாம்னு வாளித் தண்ணில உப்பைப் போட்டு, அருவாவை நெகட்டிவ்லயும் எவர்சில்வர் கரண்டியை பாசிட்டிவ்லயும் மாட்டுனேன், கொஞ்ச நேரத்துலயே குளோரின் நெடி தாங்கல, தண்ணியும் மஞ்சளாச்சு, ஆஃப் பண்ணிட்டேன். ஆனோடுல, அதாவது பாசிட்டிவ்ல மாட்டுன பக்கத்துல, எலக்ட்ரான் பறிபோகும், அதுதான் ஆக்சிஜனேற்றம். உப்புல இருக்குற குளோரைடு அங்க எலக்ட்ரானை விட்டுட்டு குளோரினா வெளிய வருது, எவர்சில்வர்ல உள்ள குரோமியமும் கரைஞ்சு விஷமா மாறலாம், அந்தத் தண்ணிய வாய்க்கால்ல மட்டும் ஊத்திடாதீங்க.

அப்புறம் உப்புக்குப் பதிலா சலவை சோடா, கரண்டிக்குப் பதிலா சாதா இரும்புக் கம்பி, எடம் தொறந்த கொல்லை. இப்ப ஆனோடுல ஆக்சிஜன் குமிழிதான், கம்பிதான் துருப்பிடிக்குது, அதை அப்பப்ப தேய்ச்சு விட்டாத்தான் கரண்ட் ஒழுங்கா போகுது. அருவா பக்கம் ஹைட்ரஜன் வரும், நெருப்பு கிட்ட வேணாம். சாயங்காலம் பிரஷ் போட்டதும் கருக்கு பளிச்னு தெரிஞ்சுது.