எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்பில் கணினி மூலை அமைப்பது எப்படி? பழைய மடிக்கணினியும் டக்ஸ் பெயின்ட்டும் போதும்

சின்னக் குழந்தைகளின் வகுப்புக்குக் கணினி வேண்டும் என்று யாராவது கேட்டால், பெரும்பாலும் வந்து சேர்வது சுவரில் ஒரு பெரிய திரையும் அதில் ஓடும் பாட்டு வீடியோக்களும்தான். குழந்தைகள் கைகட்டி உட்கார்ந்து பார்க்கிறார்கள். அதற்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டியே போதும். நான்கைந்து வயதுக் குழந்தை கணினி முன்னால் உட்கார்ந்தால் அதன் கை வேலை செய்ய வேண்டும், பக்கத்தில் இருக்கும் குழந்தையோடு பேச வேண்டும், எழுந்து போகும்போது தானே செய்த ஒன்று மிஞ்ச வேண்டும். 1967இல் சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபோய்ர்ஸைக் ஆகியோர் குழந்தைகளுக்காக லோகோ என்ற கணினி மொழியை உருவாக்கியபோதே எண்ணம் இதுதான்: குழந்தை கட்டளையிடும், கணினி அதைக் கேட்கும்.

எங்கள் ஊரில் ஒரு யு.கே.ஜி. ஆசிரியை கேட்டுக்கொண்டதால் அவர் வகுப்பில் இப்படியொரு மூலையை அமைத்துக் கொடுத்தேன். அதைப் பார்த்த வேறு ஆசிரியைகளும் விவரம் கேட்கிறார்கள். அதனால் முழுவதையும் இங்கே எழுதி வைக்கிறேன். தமிழ்நாட்டில் 2019இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. அப்படிப்பட்ட வகுப்புக்குத் தனிக் கணினி அறை எதுவும் தேவையில்லை. ஒரு மூலை, ஒரு மின்இணைப்பு, ஒரு பழைய மடிக்கணினி இருந்தால் போதும்.

நேரத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இரண்டு முதல் நான்கு வயது வரையிலான குழந்தைகள் உட்கார்ந்தபடி திரை பார்க்கும் நேரம் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. வீட்டில் கைபேசி ஏற்கெனவே அந்த நேரத்தைத் தின்றுவிடுகிறது. ஆகவே வகுப்பில் ஒரு ஜோடிக்குப் பத்து நிமிடம், அதுவும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணலிலும் களிமண்ணிலும் விளையாடும் நேரத்தை வெட்டி இதற்குக் கொடுக்க வேண்டாம்.

படி 1: கணினியும் இடமும்

2011 முதல் பிளஸ் டூ மாணவர்களுக்கு அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பல வீடுகளில் பரண் மேல் கிடக்கின்றன. அண்ணனோ அக்காவோ மனமுவந்து கொடுத்தால் அதுவே போதும். மேசைக் கணினியைவிட மடிக்கணினியே எனக்குப் பிடிக்கும். பேட்டரியில் கொஞ்சம் உயிர் இருந்தால் மின்சாரம் போனாலும் குழந்தையின் படம் போகாது.

2 ஜி.பி. நினைவகம் உள்ள கணினி என்றால், விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய பதிப்பைப் போடுங்கள். அதை நிறுவும் முறைக்கு இணையத்தில் நிறைய விளக்கங்கள் இருப்பதால் இங்கே விட்டுவிடுகிறேன். விண்டோஸையே வைத்துக்கொள்கிறீர்கள் என்றால் ஒரு வேலை இருக்கிறது. ஷிஃப்ட் விசையைத் தொடர்ந்து ஐந்து முறை தட்டினால் 'ஸ்டிக்கி கீஸ்' என்ற பெட்டி திரையில் முளைக்கும். குழந்தைகள் அதைத் தட்டாமல் இருக்கமாட்டார்கள். அணுகல்தன்மை அமைப்புகளில் போய் அந்தக் குறுக்குவழியை அணைத்துவிடுங்கள்.

மேசை தாழ்வாக இருக்கட்டும். உட்கார்ந்திருக்கும் குழந்தையின் பாதம் தரையில் படிய வேண்டும், திரையின் மேல்விளிம்பு அதன் கண்ணுக்கு நேராகவோ சற்றுக் கீழாகவோ இருக்க வேண்டும். நாற்காலி இரண்டு. மின்கம்பி முழுவதும் சுவர்ப்பக்கம்.

படி 2: மவுஸ்

பெரியவர்களுக்கு மறந்தே போன சிரமம் இது. அம்புக்குறியைப் பார்த்துக்கொண்டே கையை நகர்த்துவது ஒரு திறமை, அழுத்துவது இன்னொன்று, அழுத்திப் பிடித்தபடியே இழுப்பது மூன்றாவது. மூன்றையும் ஒரே நாளில் எதிர்பார்த்தால் குழந்தை சலித்துப்போய் எழுந்துவிடும்.

கம்பியுள்ள, கையடக்கமான சின்ன மவுஸ் வாங்குங்கள். கம்பியில்லாத மவுஸ் வேண்டவே வேண்டாம், பேட்டரி தீர்ந்துபோவதோடு மவுஸும் காணாமல் போகும். அம்புக்குறியின் வேகத்தைக் குறைத்து அளவைப் பெரிதாக்குங்கள். மடிக்கணினியின் தொடுபலகையைக் கட்டாயம் அணைத்து வையுங்கள். குழந்தையின் மணிக்கட்டு அதில் பட்டால் அம்புக்குறி எங்கோ ஓடிவிடும், ஏன் ஓடியது என்று யாருக்கும் புரியாது.

பழக்குவதற்கு ஜிகாம்ப்ரி என்ற இலவசத் தொகுப்பு நன்றாக இருக்கிறது. இரண்டு முதல் பத்து வயது வரையிலான குழந்தைகளுக்கானது. அதில் மவுஸை வெறுமனே நகர்த்தினாலே மேலே மூடியிருக்கும் கட்டங்கள் அழிந்து அடியில் உள்ள படம் தெரியும் விளையாட்டு ஒன்று உண்டு. அதிலிருந்து தொடங்குங்கள். அடுத்து ஒருமுறை அழுத்தி அழிப்பது, அதன்பின் இருமுறை அழுத்துவது. இழுப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். இந்த மூன்று நான்கு விளையாட்டுகளுக்கு மேல் ஜிகாம்ப்ரியை நான் பயன்படுத்துவதில்லை. சரியா தவறா என்று மதிப்பெண் போடும் விளையாட்டுகள் இந்த வயதுக்கு அவசரமில்லை.

படி 3: டக்ஸ் பெயின்ட்டும் அதன் அமைப்புகளும்

2002இல் பில் கென்ட்ரிக் தொடங்கிய இலவச ஓவிய மென்பொருள் இது. இந்த மூலையில் ஒரே ஒரு மென்பொருள்தான் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் வைப்பேன். விளம்பரம் கிடையாது, இணையம் தேவையில்லை, தொட்டால் ஒலி வரும். அதோடு 'டக்ஸ் பெயின்ட் கான்ஃபிக்' என்ற அமைப்பு நிரலும் வேண்டும், அது தனி நிரல். விண்டோஸில் முத்திரைகளின், அதாவது திரையில் பதிக்கும் ஆயத்தப் படங்களின், தொகுப்பையும் தனியாகப் பதிவிறக்க வேண்டும்.

பலர் தடுமாறும் இடம் இங்கே வருகிறது. ஆசிரியை தம் கணக்கில் நுழைந்து எல்லாவற்றையும் அமைத்துவிட்டு, குழந்தைகளுக்கான கணக்கைத் திறந்து கொடுப்பார். அங்கே எந்த மாற்றமும் இருக்காது. கான்ஃபிக் நிரலில் நடப்புப் பயனருக்கு, எல்லாப் பயனர்களுக்கும் என்று இரண்டு தேர்வுகள் இருக்கின்றன. குழந்தைகளுக்கென்று கடவுச்சொல் இல்லாத தனிக் கணக்கு ஒன்றை உருவாக்கி, அதற்குள் நுழைந்த பிறகே கான்ஃபிக்கைத் திறந்து நடப்புப் பயனருக்கு என்று அமையுங்கள். மற்ற குழப்பங்கள் எல்லாம் தானே தீர்ந்துவிடும்.

அதில் நான் மாற்றுபவை இவை. முழுத்திரையை இயக்குவேன். வெளியேறும் பொத்தானை அணைப்பேன். பிறகு ஆசிரியை மட்டும் ஷிஃப்ட், கன்ட்ரோல், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி வெளியே வரலாம். இயல்பாக டக்ஸ் பெயின்ட் மவுஸின் இடது பொத்தானை மட்டும்தான் ஏற்கும். பொத்தான் வேறுபாடு வேண்டாம் என்ற தேர்வை இயக்கினால் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் வேலை செய்யும். எல்.கே.ஜி.க்கு இதை இயக்குங்கள், யு.கே.ஜி.யில் நிறுத்திவிடுங்கள். பிரின்டர் இருந்தால் இரண்டு அச்சுகளுக்கு இடையே எத்தனை விநாடி காத்திருக்க வேண்டும் என்றும் சொல்லி வைக்கலாம். இல்லையென்றால் ஒரே படம் காகிதம் தீரும்வரை வந்துகொண்டே இருக்கும்.

படி 4: நம் ஊர் முத்திரைகள்

இந்தக் கட்டுரையை எழுதியதே இந்தப் படிக்காகத்தான். டக்ஸ் பெயின்ட்டில் ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்துத் திரையில் பதிக்கும் வசதி உண்டு. அதோடு வரும் படங்கள் அழகானவை என்றாலும், நம் வகுப்புக் குழந்தை காலையில் பார்த்துவிட்டு வந்த முருங்கைக்காயை அங்கே தேட வேண்டியதில்லை, நாமே சேர்த்துவிடலாம்.

முருங்கைக்காயைக் குழந்தைகளே கொண்டுவரட்டும். தொட்டு, முகர்ந்து, எது நீளம் என்று அளந்து பார்த்து முடித்த பிறகு வெள்ளைச் சார்ட் தாளில் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் கைபேசியால் படமெடுங்கள். நேர்வெயில் வேண்டாம், நிழல் விழுந்தால் பின்னால் வெட்டியெடுப்பது கடினம்.

படத்தை ஜிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருளில் திறந்து, முதலில் அடுக்கு (லேயர்) மெனுவில் ஆல்ஃபா அலைவரிசையை, அதாவது ஒளிபுகும் தன்மையைக் குறித்து வைக்கும் பகுதியை, சேருங்கள். இதை விட்டுவிட்டால் வெள்ளைப் பின்னணியை எத்தனை முறை அழித்தாலும் அது ஏதாவதொரு நிறமாகவே நிற்கும், ஒளிபுகும் இடமாக மாறாது. பிறகு பின்னணியைத் தேர்ந்தெடுத்து நீக்குங்கள். அகலத்தை 400 பிக்சல் அளவுக்குச் சுருக்குங்கள். கடைசியில் 'சேமி' என்பதை அழுத்தாமல் 'ஏற்றுமதி' என்பதில் போய் பி.என்.ஜி. வடிவத்தில் எடுங்கள்.

அடுத்து ஒலி. முருங்கைக்காய் என்று ஒரு குழந்தையையே சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். பரங்கிக்காய் உங்கள் ஊரில் அரசாணிக்காய் என்றால் அப்படியே பதிவாகட்டும். கைபேசி தரும் ஒலிக்கோப்பை ஆடாசிட்டி என்ற இலவச ஒலித்திருத்த மென்பொருளில் திறந்து, முன்னும் பின்னும் உள்ள சத்தத்தை வெட்டிவிட்டு, ஓ.ஜி.ஜி. அல்லது வேவ் வடிவத்தில் ஏற்றுமதி செய்யுங்கள்.

படத்துக்கும் ஒலிக்கும் பெயர் ஒன்றாகவே இருக்க வேண்டும், புள்ளிக்குப் பின்னால் வரும் நீட்சி மட்டும் மாறலாம். பெயர் ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல் இருப்பது பாதுகாப்பு. நான் அதிக நேரம் திணறியது இங்கேதான். விண்டோஸ் கணினியில் கோப்புகளின் நீட்சி கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருக்கும். நீங்கள் பி.என்.ஜி. என்று பெயரிட்ட கோப்பு உண்மையில் பி.என்.ஜி. புள்ளி ஜே.பி.ஜி. என்று இருக்கக்கூடும். முத்திரை வரவில்லையே என்று தேடத் தொடங்குமுன் கோப்புக் காட்சியில் நீட்சிகளைக் காட்டு என்பதை இயக்கிப் பாருங்கள். பெயரை மாற்றினால் மட்டும் வடிவம் மாறிவிடாது, ஏற்றுமதி செய்தால்தான் மாறும்.

லினக்ஸில் குழந்தைகளின் கணக்குக்குள் வீட்டுக் கோப்புறையைத் திறந்து கன்ட்ரோல், ஹெச் இரண்டையும் அழுத்துங்கள். புள்ளியில் தொடங்கும் டக்ஸ்பெயின்ட் கோப்புறை தெரியும். அதற்குள் ஸ்டாம்ப்ஸ் (stamps) என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் ஒரு கோப்புறை, அதற்குள் காய்களுக்கு ஒன்று, வகுப்பறைப் பொருள்களுக்கு ஒன்று என்று தனித்தனிக் கோப்புறைகள் உருவாக்கி, படங்களையும் ஒலிகளையும் அவற்றில் போடுங்கள். டக்ஸ் பெயின்ட்டை மூடித் திறந்தால் முத்திரைகள் வந்திருக்கும்.

காய்களோடு நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொரு குழந்தையும் தன் பெயரைத் தடித்த ஸ்கெட்ச் பேனாவால் தாளில் எழுதட்டும். எழுத வராத குழந்தை ஒரு குறியோ கோடோ போடட்டும். அதையும் இதே முறையில் முத்திரையாக்குங்கள். டக்ஸ் பெயின்ட் படங்களை நாள், நேர எண்களைப் பெயராகக் கொண்டுதான் சேமிக்கும். யார் வரைந்தது என்பது அதில் இருக்காது. வரைந்து முடித்ததும் குழந்தை தன் கையெழுத்தைத் தானே பதித்துவிட்டால் அந்தத் தொல்லையும் தீர்ந்தது.

படி 5: இரண்டு பேர், ஒரு மவுஸ்

தனியாக உட்கார வைக்காதீர்கள். ஒருவர் கையில் மவுஸ், மற்றவர் சொல்லுபவர். "கத்தரிக்காயை மேலே வை", "இல்லை, இன்னும் பெரிசா", "அது என்னோட வீடு, அதுக்கு மேலே வைக்காதே." இந்தப் பேச்சுக்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும். ஐந்து நிமிட மணல் கடிகாரம் ஒன்று மேசையில் இருந்தால் கைமாற்றும் நேரத்தில் ஆசிரியை நடுவராக வேண்டியதில்லை. மணல் தீர்ந்ததைக் குழந்தைகளே பார்த்துக்கொள்வார்கள். ஆசிரியை பக்கத்தில் நின்று வழிகாட்டிக்கொண்டே இருக்க வேண்டாம். "இது என்ன, இங்கே என்ன நடக்கிறது?" என்று முடிவில் ஒரு கேள்வி கேட்டால் போதும்.

பின்சேர்க்கை, வாசகர்கள் கேட்டவை

எழுத்துகளை முத்திரையாக்கிய ஓர் ஆசிரியை, குழந்தைகள் அவற்றை இடவலமாகத் திருப்பிவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தார். இந்த வயதில் கையால் எழுதும்போதே எழுத்து திரும்புவது இயல்பு என்பதால் திரையிலும் அதே வடிவம் வேண்டாம். முத்திரையின் அதே பெயரில் டி.ஏ.டி. என்ற நீட்சியோடு ஓர் உரைக்கோப்பு உருவாக்கி, அதில் 'நோமிரர்' (nomirror), 'நோஃப்ளிப்' (noflip) என்ற சொற்களை ஆங்கிலச் சிறிய எழுத்தில், வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். அந்த முத்திரைக்கு மட்டும் திருப்பும் வசதி அடங்கிவிடும். காய்களுக்கு இது வேண்டாம், அவை எப்படியும் திரும்பட்டும்.

ஒலி திடீரென்று நின்றுவிட்டது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். ஆல்ட், எஸ் இரண்டும் சேர்ந்து அழுந்தியிருக்கும். மறுபடி அழுத்தினால் ஒலி திரும்பும். அடிக்கடி நடந்தால் விசைப்பலகைமேல் ஓர் அட்டையை வைத்து மூடுங்கள், காற்றுப் போகும் துளைகளை மட்டும் மறைத்துவிடாதீர்கள்.

லினக்ஸ் மின்ட்டின் மென்பொருள் மேலாளரில் டக்ஸ் பெயின்ட் இரண்டு விதமாகக் காட்டுகிறதே, எதை எடுப்பது என்பது இன்னொரு கேள்வி. ஃபிளாட்பேக் என்று குறித்திருப்பதை விட்டுவிட்டு மற்றதை நிறுவுங்கள், மேலே சொன்ன கோப்புறை வழி அதற்கானதுதான். படங்களின் நகலுக்கு அதே டக்ஸ்பெயின்ட் கோப்புறைக்குள் 'சேவ்ட்' என்றிருக்கும் கோப்புறையை மாதம் ஒருமுறை பென்டிரைவில் எடுத்து வையுங்கள். ஆண்டு முடிவில் பெற்றோர் கேட்பார்கள்.