அமெரிக்க நெடுஞ்சாலை எண்ணைப் படிப்பது எப்படி?

அமெரிக்காவில் கார் ஓட்டப் போகிறீர்களா? இன்டர்ஸ்டேட் (மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலை, சுருக்கமாக 'ஐ') எண்களின் கணக்குத் தெரிந்தால், ஜிபிஎஸ் காலை வாரினாலும் திண்டாட வேண்டாம். ஒற்றைப்படை எண் தெற்கு வடக்காகப் போகும், இரட்டைப்படை கிழக்கு மேற்காக. மேற்குக் கரையில் ஐ-5, கிழக்கில் ஐ-95. தெற்கே ஐ-10, வடக்கே ஐ-90. 'யுஎஸ்' என்று எண்ணிட்ட பழைய நெடுஞ்சாலைகளுக்கு இந்த வரிசை தலைகீழ் (சின்ன எண்கள் கிழக்கிலும் வடக்கிலும்), அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். மூன்று இலக்க எண்ணில் முதல் இலக்கம் இரட்டைப்படையென்றால் பெரும்பாலும் ஊரைச் சுற்றிப் போகும் சாலை. அட்லாண்டாவின் ஐ-285 அப்படித்தான்.

ரொம்ப உதவுவது எக்ஸிட் எண், அதாவது நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வழியின் எண். பெரும்பாலான மாநிலங்களில் அது மைல் கணக்கு. தெற்கு அல்லது மேற்கு எல்லையிலிருந்து எண்ணுவார்கள். இப்போது 120ஐத் தாண்டுகிறீர்கள், இறங்க வேண்டியது 168 என்றால் இன்னும் 48 மைல். நடுவில் ஒரு காபி குடிக்கலாம். ஆனால் மாநில எல்லை தாண்டியதும் கணக்கு மாறிவிடும்.

அப்புறம், பச்சைப் பலகையின் உச்சியில் எக்ஸிட் எண் எழுதிய சின்னப் பட்டை இருக்கும். அது இடது ஓரமாக இருந்தால் எக்ஸிட்டும் இடப்பக்கம்தான். மஞ்சள் பட்டியில் 'லெஃப்ட்' என்றும் போட்டிருப்பார்கள். வலது லேனிலேயே போகிறவர்கள் முன்கூட்டியே மாறிக்கொள்ளுங்கள்.