நர்சிங் படிப்பு: சேரும் முன்பும் சேர்ந்த பின்பும் செய்யும் தவறுகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். ஊர்க்காரர்கள், தூரத்துச் சொந்தம், எப்போதோ என் வார்டில் படுத்திருந்தவர்களின் வீட்டார். "பாப்பாவை நர்சிங் சேர்க்கலாம்னு இருக்கோம் சிஸ்டர். எந்தக் காலேஜ் நல்லது?" இருபது வருஷத்துக்கு மேல் வார்டிலும் நர்சிங் பிள்ளைகளோடும் கிடப்பவள் என்பதால் கேட்கிறார்கள். நான் காலேஜ் பெயர் சொல்வதற்கு முன்னால் ஒன்று கேட்பேன்: "படிச்சு முடிச்சா நர்சிங் கவுன்சில்ல நர்ஸாப் பதிவு பண்ண முடியுமா?" பாதிப் பேருக்கு அந்தக் கேள்வியே புதிது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு அப்பா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிளாஸ்டிக் கவருக்குள் லேமினேட் செய்த சான்றிதழ். 'நர்சிங்' என்று கொட்டை எழுத்து, அதற்குக் கீழே பொடி எழுத்தில் 'அசிஸ்டன்ட்'. ஊரில் இருந்த மாட்டை விற்று, மிச்சத்துக்கு நகையை அடகு வைத்து ஃபீஸ் கட்டியிருக்கிறார். அரசு வேலைக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று கேட்கத்தான் வந்தது. இதை வைத்து நர்ஸாகப் பதிவு செய்யவே முடியாது என்று நான் சொன்னபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் கெட்டிக்காரி, கை சுத்தமாக இருந்தது. ஆனால் அதைப் படித்த இரண்டு வருஷமும் போனது போனதுதான்.

முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த படிப்புகளில் பிளஸ் டூவுக்குப் பிறகு நேராகச் சேரக்கூடியவை மூன்றே: இரண்டு வருஷ ஏ.என்.எம். (துணை நர்ஸ், பிரசவப் பராமரிப்பு), மூன்று வருஷ ஜி.என்.எம். (பொது நர்சிங், பிரசவப் பராமரிப்பு டிப்ளமோ), நான்கு வருஷ பி.எஸ்சி. நர்சிங். பி.எஸ்சி.க்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். இவற்றை அங்கீகாரம் பெற்ற இடத்தில் முடித்தால்தான் மாநில கவுன்சிலில் பதிவு கிடைக்கும். நம் மாநில கவுன்சில் 1926-இல் வந்த சட்டத்தின் கீழ் இயங்குவது. நேற்று முளைத்த நடைமுறை இல்லை. நிறுவனத்தின் போர்டில் 'அரசு பதிவு பெற்றது' என்று இருந்தால் அதோடு திருப்திப்படாதீர்கள். அது வெறும் டிரஸ்ட் பதிவாகவும் இருக்கலாம். மாநில கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா, பி.எஸ்சி. என்றால் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறதா, இந்த வருஷத்துக்கும் செல்லுமா என்று கேளுங்கள். கவுன்சிலிலும் விசாரியுங்கள். புரோக்கர் வெளிமாநிலக் கல்லூரியைக் காட்டினால் விசாரணை இரட்டிப்பாக வேண்டும்: அந்த மாநிலப் பதிவை இங்கே மாற்றிக்கொள்ள முடியுமா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

நீட் என்றாலே டாக்டர் படிப்புக்கு மட்டும் என்று நினைத்து எழுதாமல் விடுகிறவர்களும் உண்டு. ராணுவ நர்சிங் கல்லூரிகளும் ஜிப்மரும் பி.எஸ்சி. நர்சிங்குக்கு நீட் மதிப்பெண்ணைப் பார்க்கின்றன. எய்ம்ஸ் தனி நுழைவுத் தேர்வு நடத்துகிறது.

அடுத்து, கட்டடத்தைப் பார்த்து மயங்குவது. ஏ.சி. வகுப்பறை, வாசலில் நைட்டிங்கேல் சிலை, பளபளக்கும் லேப். நான் பெற்றோரிடம் சொல்வது: காலேஜைச் சுற்றிக்காட்டுவார்கள், பாருங்கள், பிறகு யாரிடமும் சொல்லாமல் ஒரு வேலைநாள் காலை பதினொரு மணிக்கு அவர்களுடைய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பார்வை நேரம் இல்லையென்றால் ஓ.பி. வாசலில் உட்காருங்கள். கூட்டம் இருக்கிறதா? சீருடையில் மாணவிகள் நடமாடுகிறார்களா? நோயாளி இல்லாத ஆஸ்பத்திரியில் நர்சிங் கற்க முடியாது. 1946-இல் இந்த நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் ஆரம்பித்தபோது டெல்லியோடு வேலூரும் முதல் வரிசையில் நின்றதற்குக் காரணம் உண்டு. வேலூரில் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் 1909-லேயே நர்ஸ் பள்ளி தொடங்கியிருந்தார். ஆஸ்பத்திரியும் வகுப்பும் ஒட்டியே வளர்ந்தன.

ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் சரிபார்க்கக் கொடுங்கள், வாங்கிக்கொண்டு வாருங்கள். படிப்பு முடிந்ததும் இத்தனை வருஷம் இங்கேதான் வேலை செய்ய வேண்டும் என்று பாண்டில் கையெழுத்து கேட்டால் போடாதீர்கள். பிள்ளையைக் கட்டிப்போடும் கயிறு அது.

சேர்ந்த பிறகு நடக்கும் தவறுகளில் என் மனதை அறுப்பது ஒன்று. மூன்றாம் வருஷ மாணவி ஒருத்தி காலை டூட்டியில் பன்னிரண்டு பெட்டுக்கும் டி.பி.ஆர். சார்ட் (உடல் வெப்பம், நாடி, மூச்சு எண்ணிக்கை) எழுதிக் கொண்டுவந்தாள். காய்ச்சல், நாடித்துடிப்பு எல்லாம் ஆளுக்கு ஆள் மாறியிருந்தது. மூச்சு மட்டும் பன்னிரண்டு பேருக்கும் 20. "எண்ணினியாம்மா?" என்றேன். தலை குனிந்தாள். ஏழாம் பெட்டில் இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்த பாட்டி. இருவரும் போய் நின்றோம். நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, எண்ணுவது தெரிந்தால் மூச்சு மாறிவிடும் என்பதால் பேச்சுக் கொடுக்காமல், முழுசாக ஒரு நிமிஷம் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணச் சொன்னேன். 32. காய்ச்சல் இல்லை, பாட்டி வலி என்றும் சொல்லவில்லை. டாக்டரைக் கூப்பிட்டோம். காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்திருப்பது ஸ்கேனில் தெரிந்தது. பாட்டி பிழைத்து வீட்டுக்குப் போனார்.

நிலைமை மோசமாவதை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் மூச்சுதான். எண்ண ஒரு நிமிஷம் ஆகிறது என்பதாலேயே அதை எண்ணாமல் எழுதுகிறார்கள். சீனியரின் கேஸ் ஸ்டடியைப் பார்த்து எழுதுவது, பார்க்காத பிரசவத்துக்கு ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்குவது எல்லாம் இதே வகை. பிள்ளைகளை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. ஆள் பற்றாத வார்டில் மாணவியைச் சம்பளமில்லாத வேலையாளாக ஓடவிட்டால் அவள் எப்போது கற்பாள்? கூட நின்று சொல்லித்தர டியூட்டர் வர வேண்டும். வராவிட்டால் கேட்கிற தைரியம் மாணவிகளுக்கும் வேண்டும்.

படித்து முடித்ததும் பதிவைத் தள்ளிப்போடுவது, கிடைத்த முதல் சின்ன கிளினிக்கிலேயே தங்கிவிடுவது, இரண்டும் பின்னால் கடிக்கும். எய்ம்ஸ் நர்ஸ் வேலைக்கு ஆள் எடுக்க நடத்தும் நார்செட் தேர்வுக்கு ஜி.என்.எம். முடித்தவர்கள் குறைந்தது 50 படுக்கை உள்ள ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் வேலை பார்த்திருக்க வேண்டும். பத்துப் படுக்கை நர்சிங் ஹோமில் ஐந்து வருஷம் உழைத்திருந்தாலும் அது அங்கே கணக்கில் வராது.

இந்த வேலைக்கு எதிர்காலம் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். உலகம் முழுக்க 2023-இல் 58 லட்சம் நர்ஸ்கள் குறைவு என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. ஆனால் கடைசிவரை ஸ்டாஃப் நர்ஸ் என்ற எண்ணத்தோடு உள்ளே வருவது தவறு. தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் முதுகலைப் படிப்பு, மிட்வைஃபரி (பிரசவப் பராமரிப்பு) சிறப்புப் பயிற்சி, டயாலிசிஸ், வலி தணிக்கும் பராமரிப்பு என்று கிளைகள் விரிந்திருக்கின்றன. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் சிகிச்சையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோனது. முதியவர்கள் பெருகும் மாநிலத்தில் அந்த வேலை இன்னும் கூடும். சம்பளத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் 2016 தீர்ப்பையொட்டி அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் ஆஸ்பத்திரியிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது. அதைக் கொடுக்காத இடங்கள் இன்றும் இருக்கின்றன. சேரும்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வெளிநாட்டுக் கனவில் நடக்கும் தவறு அவசரம். பிரிட்டனுக்கு ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வில் கேட்பது, வாசிப்பது, பேசுவது மூன்றிலும் 7, எழுதுவதில் 6.5 வேண்டும். ஜெர்மனியில் அங்கீகாரம் பெற்ற நர்ஸாக வேலை செய்ய ஜெர்மன் மொழியில் பி2 என்ற, சரளமாகப் பேசும் நிலை வரை வர வேண்டும். அங்கே நோயாளியைக் குளிப்பாட்டுவதும் ஊட்டிவிடுவதும் படித்த நர்ஸின் வேலைதான். இங்கே ஆயாம்மாவும் உறவினரும் செய்வதைப் பார்த்துப் பழகியவர்கள் போய் மனம் உடைகிறார்கள். முன்பே தெரிந்துகொண்டு போங்கள். பணம் கேட்கும் ஏஜென்ட்டிடம் போவதற்கு முன்னால், தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனத்தில் விசாரியுங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாய், அதற்கு மேல் வரி என்று சட்டத்திலேயே வரம்பு இருக்கிறது.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் இனிஷியல். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் 'எஸ். கவிதா', ஆதாரில் 'கவிதா செல்வம்', பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முன்னால், கவுன்சில் பதிவில் கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர். சான்றிதழ்களைச் சரிபார்க்கும் வெளிநாட்டு நிறுவனத்துக்கு இவர்கள் நான்கு பேர். விசா கைக்கு வரும் நேரத்தில் கெஜட்டுக்கும் நோட்டரிக்கும் அலைந்தவர்களை எனக்குத் தெரியும். முதல் வருஷ லீவிலேயே எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இருப்பதுபோலவே மற்றவற்றையும் மாற்றி வைத்துவிடுங்கள்.